நிறைக்குக் கிலோவா, நியூற்றனா?

கேள்வி: மகள் தரம் 10 படிக்கிறாள். பாடசாலையில் நிறைக்கு நியூற்றன் போடச் சொல்கிறார்கள். அவள் பார்க்கும் தமிழ்நாட்டு யூடியூப் பாடங்களில் நிறையைக் கிலோகிராமில் சொல்கிறார்கள். யார் சொல்வது பிழை? ஒளியாண்டு காலமா, தூரமா என்றும் குழம்புகிறாள்.
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: யாரும் பிழையாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூலில் ‘நிறை’ என்பது நம்முடைய ‘திணிவு’. நாம் ‘நிறை’ என்பதை அவர்கள் ‘எடை’ என்கிறார்கள்.

ஒரு பொருளில் எவ்வளவு சடப்பொருள் இருக்கிறதோ அதுதான் திணிவு. எங்கே கொண்டுபோனாலும் மாறாது, அலகு கிலோகிராம். அந்தப் பொருளைப் பூமி இழுக்கும் விசைதான் நிறை. விசை என்றால் அலகு நியூற்றன். மகளின் திணிவு 50 கிலோகிராம் என்று வையுங்கள். பூமியில் அவளுடைய நிறை ஏறத்தாழ 490 நியூற்றன். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுக்கச் சொன்னால் 500. சந்திரனில் திணிவு அதே 50தான், நிறை மட்டும் 80 நியூற்றன் அளவுக்கு இறங்கிவிடும். மீன் சந்தையில் “நிறை எவ்வளவு, இரண்டு கிலோ வருமா?” என்று நாம் கேட்பதும் உண்மையில் திணிவைத்தான். சந்தையில் அப்படியே கேளுங்கள், விடைத்தாளில்தான் கூடாது.

இன்னொரு வில்லங்கம் வேகம். நம் ‘கதி’ அவர்களுக்கு ‘வேகம்’, நம் ‘வேகம்’ அவர்களுக்குத் ‘திசைவேகம்’. இங்கே அலகும் கைகொடுக்காது, இரண்டுக்குமே செக்கனுக்கு இத்தனை மீற்றர் என்பதுதான். திசையும் சேர்த்துச் சொல்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். ஆர்முடுகலை முடுக்கம் என்பதும், சக்தியை ஆற்றல் என்பதும் அவ்வளவு தொல்லை தராது.

வீடியோக்களை நிறுத்த வேண்டாம், நன்றாகவே விளக்குகிறார்கள். கொப்பியில் எழுதும்போது மட்டும் நம் பாடநூல் சொல்லையும் பக்கத்தில் அலகையும் எழுதட்டும். சா/த பரீட்சைக்கு அதுதான் வேண்டும்.

சரி, ஒளியாண்டு. அது தூரம்தான். கொழும்பு எவ்வளவு தூரம் என்றால் “பஸ்ஸில் ஏழு மணித்தியாலம்” என்கிறோமே, அந்த மாதிரி. ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீற்றர் போகும். ஓர் ஆண்டில் அது கடக்கும் தூரம் 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். சூரியனுக்கு இவ்வளவு பெரிய அலகு தேவையில்லை. 15 கோடி கிலோமீற்றர்தான், அங்கிருந்து ஒளி வர 8 நிமிடமும் 20 செக்கனும் ஆகும். அந்தத் தூரத்தைத்தான் ஒரு வானியல் அலகு என்கிறோம்.

மாசி, பங்குனியில் முகில் இல்லாத முன்னிரவில் நிலாவெளிக் கரைக்குப் போனால் தெற்கு வானில் உயரத்தில் சிரியஸ் தெரியும். இரவு வானத்தில் அதைவிடப் பிரகாசமான விண்மீன் இல்லை. தூரம் 8.6 ஒளியாண்டு. மகள் பார்க்கும் அந்த ஒளி, அவள் முதலாம் தரத்திலோ இரண்டாம் தரத்திலோ இருந்தபோது புறப்பட்டது. அதைக் கிலோமீற்றருக்கு மாற்றச் சொன்னால் பூச்சியங்களை எண்ணிக் களைக்காமல் 8.6ஐ 9.46 × 10¹² ஆல் பெருக்கட்டும்.