புதிதாக வந்திருக்கும் ஆன்லைன் கரியர் பிளானிங் தளத்தில் பதிவு செய்யலாமா?

மாணவர்களுக்கும் வேலை தேடுபவர்களுக்கும் என்று தொடங்கியிருக்கும் புதுத் தளம் ஒன்றைச் சொல்லி, அது உண்மையிலேயே உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் "உனக்கு இந்த வேலைதான்" என்று அது தீர்ப்பு சொல்லும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். நம்மில் பலருக்குச் சட்டென்று நினைவுக்கு வரும் வேலைகளே இருபது முப்பதுதான், அதற்குள்ளேயேதான் சுற்றிச் சுற்றி யோசிக்கிறோம். அந்தப் பட்டியலை நீட்டித் தருவதில் இந்த மாதிரித் தளங்கள் கெட்டி.

புதுசு என்கிறார்களே தவிர, பெரும்பாலும் உள்ளே ஓடுவது பழைய சரக்குதான், அதில் தப்பும் இல்லை. ஜான் ஹாலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959-லேயே தன் கோட்பாட்டை வெளியிட்டு, பிறகு மெருகேற்றி, வேலை விருப்பங்களை ஆறாகப் பிரித்தார்: கையால் செய்வது, ஆராய்வது, கலை, பிறருக்கு உதவுவது, ஆட்களையும் வியாபாரத்தையும் நடத்துவது, கணக்கும் ஒழுங்கும். அமெரிக்கத் தொழிலாளர் துறையின் ஓ-நெட் தகவல் தளம், 900-க்கும் மேற்பட்ட தொழில்களை இந்த ஆறோடு பொருத்தி வைத்திருக்கிறது. அந்தத் தகவலை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதால், அதன் மேல் அழகான முகப்பு ஒன்றைப் போட்டு சேவை ஆரம்பிப்பவர்கள் உண்டு.

எந்த மாதிரி வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்று கண்டுபிடிக்க ஓ-நெட் வைத்திருக்கும் தேர்வையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 கேள்விகள். சமையலறை அலமாரி செய்வது உங்களுக்குப் பிடிக்குமா, புதிய மருந்து ஒன்றை உருவாக்குவது பிடிக்குமா, இப்படிப் போகும். மிகவும் பிடிக்கும் என்பதிலிருந்து சுத்தமாகப் பிடிக்காது வரை ஐந்தில் ஒன்றைத் தொட வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். அலமாரி என்றதும் "எனக்குத் தச்சு வேலை தெரியாதே, அதில் எவ்வளவு வந்துவிடப் போகிறது" என்று யோசித்து "பிடிக்காது" போட்டுவிடுகிறார்கள். படிப்பையும் சம்பளத்தையும் நினைக்காமல் பதில் சொல்லுங்கள் என்று தேர்வின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறது, யார் படிக்கிறார்கள்! அப்புறம், அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பதில் போட்டால் வருவது அப்பாவின் ரிசல்ட்தான்.

நான்கு ஆங்கில எழுத்துகளில் உங்கள் ஆளுமையைச் சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் வகைத் தேர்வை வைத்து வேலையைக் கைகாட்டும் தளம் என்றால் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. ஆள் எடுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

வேலை தேடுபவர் என்றால் தேர்வைக்கூட விட்டுவிடலாம், ஓ-நெட்டில் ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக இருக்கும் பக்கங்களுக்கு நேராகப் போங்கள். நீங்கள் பார்த்த வேலையின் பெயரைத் தட்டினால், அந்த வேலையில் தினமும் என்னென்ன செய்வார்கள் என்று வரி வரியாக இருக்கும். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரெஸ்யூமே எழுதுங்கள். "வாடிக்கையாளர் சேவையில் இருந்தேன்" என்று ஒரே வரியில் முடித்த ஒருவர், புகாரைப் பதிவு செய்தது, பணம் திருப்பித் தர வேண்டுமா என்று கணக்குப் பார்த்தது, கை மீறிய பிரச்சினையைச் சரியான துறைக்கு அனுப்பிவிட்டுத் தொடர்ந்து விசாரித்தது என்று பிரித்து எழுதினால், இன்டர்வியூவில் கேட்பவருக்கும் பிடிமானம் கிடைக்கும், சொல்பவருக்கும் பேச விஷயம் இருக்கும். இதோடு நெருங்கிய வேறு தொழில்கள் எவை என்றும் அதே பக்கத்தில் காட்டும். துறை மாற நினைப்பவர்களுக்கு அது தங்கம்.

சம்பளம், எதிர்காலத் தேவை என்று போட்டிருக்கும் எண்கள் எந்த நாட்டுக்கு உரியவை என்று கட்டாயம் பாருங்கள். ஓ-நெட்டிலிருந்து அப்படியே எடுத்திருந்தால் அவை அமெரிக்காவின் எண்கள், வேறு நாட்டில் வேலை தேடுபவருக்குச் செல்லாது.

ரிசல்ட்டைக் காட்டவே போன் நம்பர் கேட்கிறது, பிறகு கோர்ஸ் விற்க ஆள் கூப்பிடுகிறார் என்றால் அது வேறு கதை. அப்படிப்பட்டதை மூடிவிட்டு, ஓ-நெட்டின் "மை நெக்ஸ்ட் மூவ்" பக்கத்தில் பதிவு எதுவும் இல்லாமல் அந்த 60 கேள்விகளையும் போட்டுப் பாருங்கள். தமிழில் கிடையாது, ஆனால் எளிய ஆங்கிலம்தான்.