முளைக்காத பதின்மூன்று பயறு

கேள்வி: என் மகள் தரம் 8 இல் படிக்கிறாள். மூன்று வாரத்தில் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானக் கண்காட்சி. உப்புத் தண்ணீரில் பயறு முளைக்குமா என்று பார்க்கப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். ஒரு லீற்றர் போத்தலுக்கு அரைத் தேக்கரண்டி, ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி என்று உப்புப் போட்டாள். நாலாவது சும்மா தண்ணீர். யோகட் கப்பில் பஞ்சு வைத்து, கப்புக்கு இருபது பயறு. மூன்றாம் நாள் இரவு அவள் படுத்த பிறகு எண்ணிப் பார்த்தேன். உப்புக் கப்புகளில் 17, 14, 5. சும்மா தண்ணீர்க் கப்பில் 7 தான். நல்லா வரட்டும் என்று அதற்கு மட்டும் நிரம்ப ஊற்றியிருந்தாள், மணமும் அடித்தது. பிள்ளை மனம் உடைந்துபோவாளே என்று சமையலுக்கு முளைக்கட்டி வைத்திருந்த பயறை அந்தக் கப்பில் மாற்றி வைத்துவிட்டேன். காலையில் எண்ணி 19 என்று சந்தோஷமாக எழுதினாள். இப்போது டியூசன் சேர், இதெல்லாம் சின்ன விஷயம், புகை கக்கும் எரிமலை செய்து தர ஆள் இருக்கிறது என்கிறார். டோகாவில் இருக்கும் இவர், செலவைப் பார்க்காதே என்கிறார். எது பரிசு வாங்கும்?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: எரிமலையை முதலில் முடித்துவிடுவோம். வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்தால் காபனீரொட்சைட்டு வரும், நுரை பொங்கும். நூறு தடவை செய்தாலும் அதுதான் நடக்கும். அதில் கேள்வி இல்லை, அளப்பதற்கு ஒன்றும் இல்லை. எரிமலையே இல்லாத இந்தத் தீவில் கண்காட்சிக்குக் கண்காட்சி நாலு எரிமலை வெடிப்பது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. காசு கொடுத்துச் செய்விப்பதென்றால் செய்தவரையே மேசைக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் விஷயம். பரிசைப் பற்றிக் கேட்டு எழுதிய கடிதத்தின் நடுவே, போகிற போக்கில், பயறை மாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு ஒரு வருத்தம்கூட இல்லை. நீங்கள் அதைப் பாசம் என்று நினைக்கிறீர்கள். நான் திருட்டு என்கிறேன். மூன்று நாள் அந்தப் பிள்ளை பார்த்துப் பார்த்துச் செய்ததை எடுத்து, அடுப்படியில் இருந்த வேறொன்றை வைத்துவிட்டு, அவள் கையாலேயே பொய்க் கணக்கு எழுத வைத்திருக்கிறீர்கள். மனம் உடைவாள் என்றால் உடையட்டும், அம்மா. பதின்மூன்று வயதில், ஒரு யோகட் கப்புக்காக, பக்கத்தில் தாய் இருக்கும்போது உடைகிற மனம் ஒட்டிக்கொள்ளும். தாய்க்கு அந்த நேரத்தில் உள்ள வேலை பக்கத்தில் உட்கார்ந்து "ஏன் இப்படி?" என்று கேட்பது. அந்தக் கேள்வியைத்தான் நீங்கள் குப்பைக்கூடையில் போட்டீர்கள்.

பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து, தாய்ச்செடிகளின் இயல்புகள் எந்த விகிதத்தில் அடுத்த தலைமுறைக்கு வருகின்றன என்று எண்ணிப் பார்த்தவர் மெண்டல். அவளுடைய பாடத்தில் பிறகு வருவார். அவர் 1866 இல் வெளியிட்ட எண்களை 1936 இல் ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளிவிபரவியலாளர் திரும்பக் கணக்கிட்டார். எதிர்பார்த்த விகிதத்துக்கு அவை அளவுக்கு மீறிப் பொருந்துகின்றன என்றார். என்ன வரவேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஓர் உதவியாள் எண்களைச் சரிக்கட்டியிருக்கலாம் என்பது அவர் ஊகம். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. உங்கள் வீட்டில் அந்த உதவியாள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சரி, அந்தக் கப்பில் என்ன நடந்தது? பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: "அதற்கு மட்டும் நிரம்ப ஊற்றியிருந்தாள், மணமும் அடித்தது." முளைக்கிற விதை மூச்சு விடும், அதற்கு ஒட்சிசன் வேண்டும். தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் கொஞ்சம்தான். கொழும்பு வெக்கையில் அசையாமல் நிற்கும் தண்ணீரில் பயறும் பக்டீரியாவும் அதை இழுத்து முடித்துவிடும். பிறகு தோல் கழன்று, பயறு கொழகொழத்து, தண்ணீர் கலங்கி மணக்கும். மற்ற மூன்று கப்பிலும் பஞ்சு நனைந்திருந்ததே தவிரப் பயறு மூழ்கவில்லை. ஆக அவள் உப்பை மட்டும் மாற்றுவதாக நினைத்துத் தண்ணீரின் அளவையும் சேர்த்து மாற்றிவிட்டாள். பெரியவர்களும் விடுகிற பிழைதான். நான் சொல்வதும் சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. அதைச் சோதித்துப் பார்ப்பதுதான் இப்போது அவளுடைய கண்காட்சி.

முதலில் மூழ்கிய பயறு. சும்மா தண்ணீர் மட்டும், ஆறு கப். மூன்றுக்கு 10 மில்லிலீற்றர், மூன்றுக்குப் பயறுக்கு மேலே மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்கு. பார்மசியில் ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் வாங்கினால் அளவு பிழைக்காது. பிள்ளைக்கு ஆசையிருந்தால் இன்னும் மூன்று கப்பை மூழ்கவிட்டு, காலையும் மாலையும் தண்ணீரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். புதுத் தண்ணீரோடு ஒட்சிசனும் வரும் அல்லவா?

பிறகு உப்பு. தேக்கரண்டியை விடுங்கள். மட்டமாக அள்ளினால் ஐந்தாறு கிராம், குவித்து அள்ளினால் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. தராசில் ஒரே ஒரு தடவை 16 கிராம் நிறுங்கள். கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, பிறகு ஒரு லீற்றர் வரும்வரை தண்ணீர் சேருங்கள். அதில் பாதியை எடுத்து அதேயளவு தண்ணீர் கலந்தால் லீற்றருக்கு 8 கிராம். அதில் பாதியை எடுத்து அப்படியே செய்தால் 4, திரும்பவும் செய்தால் 2. சும்மா தண்ணீரோடு சேர்த்து ஐந்து வகை. வகைக்கு மூன்று கப், கப்புக்கு இருபது, மொத்தம் 300 பயறு. ஒரே பக்கெற்றில் எடுங்கள், உடைந்ததையும் பூச்சி அரித்ததையும் தள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே குழாய்த் தண்ணீர், ஒரே உப்புப் பக்கெற்.

யோகட் கப்பை நன்றாகக் கழுவுங்கள். பால் ஒட்டியிருந்தால் இரண்டாம் நாளே பூஞ்சணம். பஞ்சுக்குப் பதில் டிஷூவை நாலாக மடித்து வையுங்கள், பஞ்சு ஒவ்வொரு கப்பிலும் ஒவ்வொரு அளவு தண்ணீர் குடிக்கும். கப்புக்கு 10 மில்லிலீற்றர், மேலே பொலித்தீன், அதில் ஊசியால் நாலைந்து ஓட்டை. இந்த மூடி முக்கியம். மின்விசிறிக் காற்றில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு அங்கேயே கிடக்கும். 4 கிராம் என்று எழுதி ஒட்டிய கப் மூன்றாம் நாள் 6 கிராம் ஆகியிருக்கலாம். காய்ந்தால் உப்புக் கரைசலை ஊற்றாதீர்கள். தொடங்கும்போதே ஒவ்வொரு கப்பையும் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, குறைந்த அளவுக்குச் சும்மா தண்ணீர் விடவேண்டும். யன்னல் பக்கம் இருக்கும் கப் சூடாகும், ஆகையால் தினமும் இடம் மாற்றி வையுங்கள். எறும்பைத் தடுக்கத் தட்டில் தண்ணீர் விட்டு, அதன் நடுவே பலகையில் கப்புகள்.

எது "முளைத்தது" என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதி வைக்கவேண்டும். வேர் 2 மில்லிமீற்றர் வெளியே வந்திருந்தால் முளைத்தது, தோல் வெடித்தது மட்டும் கணக்கில்லை. 24, 48, 72 மணித்தியாலத்தில் எண்ணவேண்டும். சில பயறு கல்லுப் போல அப்படியே கிடக்கும். தோல் தண்ணீரை உள்ளே விடாத கடின விதைகள் அவை. அதையும் எண்ணி "கல்" என்று தனியாக எழுதட்டும், எடுத்து எறியக்கூடாது. எறிகிற பழக்கம் அந்த வீட்டில் ஏற்கெனவே இருப்பதால் சொல்கிறேன்.

ஒரு சுற்றுக்கு மூன்று நாள். மூன்று வாரத்தில் மூன்று சுற்றுச் செய்தாலும் வரைபு கீறவும் பேசிப் பழகவும் நேரம் இருக்கும். கடல் தண்ணீரும் வேண்டும் என்று கேட்டால், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறது. லீற்றருக்கு 35 கிராம் அளவில் உப்பு உள்ளது. கால்வாய் விழும் இடத்தில் அள்ளவேண்டாம், அங்கே ஊர்த் தண்ணீர் கலந்திருக்கும். அவளைத் தனியே அனுப்பவும் வேண்டாம்.

எது பரிசு வாங்கும் என்று எனக்குத் தெரியாது, அந்தக் கேள்வியில் எனக்கு அக்கறையும் இல்லை. நடுவர் கேட்கும் கேள்வி தெரியும்: "மகள், நீர் எதிர்பார்க்காதது ஏதாவது நடந்ததா?" உங்கள் கொப்பியில் 19 இருக்கும்வரை அவள் "இல்லை, சேர்" என்பாள். எரிமலைக்காரப் பிள்ளையும் அதைத்தான் சொல்லும்.

ஆகவே இன்றைக்கு, டோகாவுக்குப் போன் எடுப்பதற்கு முன்னால், பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லுங்கள்: "நான்தான் மாற்றினேன், 7 தான் முளைத்தது." கோபப்படுவாள், இரண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். இருக்கட்டும். கொப்பியில் அந்தப் பக்கத்தைக் கிழிக்க விடாதீர்கள். 19 ஐ ஒரு கோட்டால் வெட்டி, பக்கத்தில் 7 என்று எழுதி, "அம்மா மாற்றியது" என்று காரணமும் போடச் சொல்லுங்கள். பேனையால்.