நாற்பத்தொரு படிகள் – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் குறுநாவலை என் மகள் இரவெல்லாம் செல்போனில் படித்தாள். பதினாறு வயது. பிறவியிலேயே முதுகுத்தண்டில் குறை, எல்லாம் வீல்சேரில்தான். அவள் தூங்கிய பிறகு நானும் படித்தேன். வீல்சேரில் இருக்கும் பெண்ணுக்கு பைபோலார் (மனம் மாறி மாறி அளவுமீறிப் பொங்கியும் சோர்ந்தும் போகும் நோய்) உள்ள பையனை ஏன் ஜோடி சேர்த்தீர்கள்? ஒரு சுமை போதாதா? கடைசியிலாவது அவனைக் குணமாக்கியிருக்கலாமே. எனக்கு அதன் பிறகு தூக்கமே வரவில்லை.

– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரியை விட்டு நகர எனக்கு வெகுநேரம் ஆயிற்று. கடைசிக் கேள்விக்கே முதலில் வருகிறேன்.

மனநோய்களில் பாதி 18 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே என் கதையைப் படிக்கும் பிள்ளைகளில் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இருப்பார்கள். அன்பு கிடைத்தால் நோய் போய்விடும் என்று நான் எழுதினால், காதல் வந்த மாதமே ஒரு பையன் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். நோய் திரும்பும்போது, அவனை நேசித்த பெண் "என் அன்பு போதவில்லை" என்று தன்னையே நொந்துகொள்வாள். அந்தப் பழியை எந்தப் பிள்ளையின் தலையிலும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான் அவன் சாப்பிடும் லித்திய மாத்திரையைப் பற்றி அவ்வளவு எழுதினேன். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் லித்தியத்தின் பயனை எழுதினார், இன்றும் கொடுக்கிறார்கள். அது ஓர் உப்பு. பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி கொஞ்சம்தான், இரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. உடம்பில் நீர் வற்றினால் அளவு ஏறிவிடும். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில், வயிற்றுப்போக்கோடு அவன் பள்ளிக்கு வரும் இடம் நினைவிருக்கிறதா? அவன் கை எப்போதுமே லேசாக நடுங்கும். அன்றைக்குத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை, நாக்கும் குழறுகிறது. இது வேறு நடுக்கம் என்று கண்டுகொண்டவள் அவள்தான். மருத்துவமனைக்குப் போன் செய்தவளும் அவள்தான். அந்த இடத்தில் யார் யாருக்குச் சுமை, சொல்லுங்கள்.

அதற்கு முந்தைய வருடத் தைப்பூசக் காவடியின்போது அவன் நான்கு இரவு தூங்காமல் பாடிக்கொண்டே இருக்கிறான். வீட்டில் எல்லோரும் பக்தி என்கிறார்கள். ஆயா மட்டும், "புள்ள கண்ணு சரியில்ல" என்கிறாள். (அது என் ஆயா சொன்ன சொல். அப்போது எங்கள் வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை.) கடைசியில் கிளினிக்குக்குத் தனியாகப் போகிறவன் அவனேதான். நம் நாட்டின் 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, 12 வயது நிரம்பிய பிள்ளைக்குப் புரிந்துகொள்ளும் முதிர்ச்சி இருந்தால் சிகிச்சைக்குத் தானே ஒப்புதல் தரலாம்.

சாட்ஸ்வொர்த் படிக்கட்டுகளை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த சட்டத்தைக் காட்டி நம்மவர்களை நகரத்திலிருந்து பெயர்த்தார்கள், மேட்டிலும் சரிவிலும் வீடு கட்டிக் குடியேற்றினார்கள். கால் நன்றாக இருப்பவர்களுக்கே மூச்சு வாங்கும். முதலில் எழுதியபோது, பையன் அவளைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டின் நாற்பத்தொரு படிகளையும் ஏறினான். எனக்கு அந்தக் காட்சி மிகவும் பிடித்திருந்தது. வீல்சேரில் வாழும் என் தோழி படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "தூக்கட்டுமான்னு அவளைக் கேட்டானா?"

அந்த அத்தியாயத்தையே அழித்துவிட்டேன். இப்போது அவள் தெருவோரம் வந்து நிற்கிறாள், அவன் இறங்கி வருகிறான். மூன்றாம் படியில் உட்கார்ந்தால் இருவர் முகமும் ஒரே உயரத்தில் வருகிறது. அவர்கள் பேச்சு, சண்டை, முத்தம் எல்லாம் அங்கேதான்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. நாளைக்கு உங்கள் மகளை யாராவது காயப்படுத்தலாம், வீல்சேர் இல்லாத பெண்களுக்கு நேர்வதைப் போலவே. அதற்காக அவளுக்கு ஆசையே வரக் கூடாது என்று நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்ய முடியாது.

ஓர் உதவி செய்யுங்கள். கதையில் எந்த இடம் பொய்யாகப் பட்டது என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். தோழி சொல்லித்தான் எனக்கு ஓர் இடம் தெரிந்தது. அடுத்த பதிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா