சீனப் பெயர் தேடும் கயலுக்கு

கயல், நீங்கள் கேட்டது இது: முனைவர் படிப்புக்காகத் தைவானின் ஷின்ச்சூ நகரத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. மாண்டரின் வகுப்பு ஆசிரியை அடுத்த வாரத்துக்குள் ஒரு சீனப் பெயரோடு வரச் சொல்லியிருக்கிறார். கயல்விழி என்பதை அப்படியே ஒலிபெயர்த்து எழுதலாமா, பொருளை மொழிபெயர்க்கலாமா, "அண்ணா, நீங்கள் எப்படி வைத்துக்கொண்டீர்கள்?"

நான் 2009-இல் தைவான் வந்தேன். முதலில் ஒலிபெயர்ப்பில்தான் மாட்டிக்கொண்டேன். வந்த மூன்றாம் மாதம் கடும் காய்ச்சல். ஒரு சின்ன மருத்துவமனைக்குப் போனேன். பதிவு செய்த பெண் என் பாஸ்போர்ட்டைப் பார்த்து, தனக்குக் காதில் பட்டபடி சீன எழுத்துகளில் என் பெயரை ஏற்றிவிட்டார். நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கும். அதனால் அப்பா பெயரில் தொடங்கி முத்துக்குமாரில் முடியும் ஒரு நீளமான எழுத்து வரிசை. இங்கே திரையில் பெயர் வரும்போது நடுவில் மறைத்து வட்டம் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த வட்டங்களுக்கு நடுவே இருந்தது நான்தான் என்று எனக்குத் தெரியவில்லை. செவிலியர் என்னவோ கூப்பிட்டார், யாரும் எழவில்லை, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். காய்ச்சலோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்களும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நாலு பேர் வாயில் வராத பெயரை வைத்துக்கொண்டு இங்கே இருப்பது கஷ்டம் என்று அன்றைக்குப் புரிந்தது.

ஒலிபெயர்ப்பில் இன்னொரு சிக்கல், ஒவ்வொரு எழுத்துக்கும் தனியாக ஒரு பொருள் உண்டு. சிவபெருமானுக்குச் சீனத்தில் வழங்கும் பெயர் 'ஷிபோ'. சிவா என்ற ஒலியை ஒட்டி அமைந்த ஒலிபெயர்ப்பு அது. எழுத்தெழுத்தாகப் படித்தால் 'ஈரம்', 'கிழவி'. கடவுள் பெயராகப் பழகிவிட்டதால் யாரும் அப்படிப் பிரித்துப் படிப்பதில்லை. ஆனால் சிவா என்ற பையன் அதையே தன் பெயராக எழுதிக்கொண்டு வந்தால் படிக்கத்தான் செய்வார்கள்.

சரி, பொருளை மொழிபெயர்க்கலாம் என்று போனேன். முத்து என்றால் 'ஜென்ஜூ'. அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக் சீனாவில் வளர்ந்தவர்; அவருடைய சீனப் பெயர் சாய் ஜென்ஜூ, அதாவது நம் முத்தேதான். அவருக்குப் பொருந்தியது. எனக்குப் பொருந்தவில்லை. முதலாவது, அது பெண்களுக்கான பெயர். அடுத்தது, தெருவுக்குத் தெரு விற்கும் ஜவ்வரிசி உருண்டை போட்ட பால் தேநீருக்கு இங்கே பெயரே 'ஜென்ஜூ நாய்ச்சா'. ஆய்வகத்தில் எல்லோரும் அன்பானவர்கள்தான், ஆனாலும் பெயரைச் சொன்னதும் சிரிப்பை அடக்கினார்கள்.

பிறகு என் மாண்டரின் ஆசிரியை ஒரு சனிக்கிழமை மத்தியானம் முழுக்க எனக்காக உட்கார்ந்தார். முதலில் என் பெயருக்கு என்ன பொருள், யார் வைத்தது என்று கேட்டார். தாத்தா பெயர் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். சீனர்கள் பெரியவர்களின் பெயரிலுள்ள எழுத்தைப் பிள்ளைக்கு வைக்கமாட்டார்கள், அது மரியாதைக் குறைவு. நமக்கோ தாத்தா பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் அவன் பேரன். இதை விளக்கிச் சொன்னதும் அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். (உங்களுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: உங்கள் பேராசிரியர் பெயரில் உள்ள எழுத்தைத் தொடாதீர்கள்.)

அப்புறம் ஒரு தாளில் மூன்று எழுத்து எழுதினார். குடும்பப் பெயராக 'மூ'. இது உண்மையிலேயே சீனர்களிடம் இருக்கும் குடும்பப் பெயர், என் பெயரின் முதல் ஒலியும் அதுவே. அடுத்து 'ஹுவாய்': நெஞ்சுக்குள் வைத்திருப்பது. கடைசியாக 'ஜின்': உயர்ந்த பச்சைக்கல் (ஜேட்). ஜின் எழுத்தின் இடப்பக்கத்தில் மூன்று படுக்கைக் கோடும் ஒரு நிமிர்ந்த கோடுமாக இருந்த சின்ன உறுப்பைப் பேனாவால் தொட்டுக் காட்டி, "இது இருந்தால் அந்த எழுத்து மணிக்கல் வகையைச் சேர்ந்தது" என்றார். ஹுவாய்ஜின் என்பது சூ யுவான் என்ற பழங்காலச் சீனக் கவிஞரின் பாடலில் வரும் சொற்சேர்க்கையாம். சிப்பி முத்தை உள்ளே வைத்திருக்கிற மாதிரி, நெஞ்சில் மணியை வைத்திருப்பவன். முத்து என்ற சொல் எங்கும் இல்லை, ஆனால் தாத்தா பெயர் உள்ளே இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

மூ ஹுவாய்ஜின். 'நான்' என்ற சீனக் குடும்பப் பெயரோடு நான் ஹுவாய்ஜின் என்று புகழ்பெற்ற அறிஞர் ஒருவர் இருந்ததால், வயதானவர்கள் கேட்டதுமே "ஓ, அந்த ஹுவாய்ஜினா" என்கிறார்கள். ஒரே குறை: தைவானில் பழைய முழு வடிவ எழுத்து என்பதால் என் பெயரை எழுத 16, 19, 15 என்று மொத்தம் 50 கோடு இழுக்க வேண்டும். தேர்வுத்தாளில் நேரம் போகும். உங்களுக்குக் குறைவாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடுகளை எண்ணிப் பலன் சொல்பவர்களும் இங்கே உண்டு, நம் ஊர் எண் கணிதக்காரர்கள் போல. அதற்குள் போக வேண்டாம்.

நம் நாட்டவருக்கு இப்படி நல்ல பெயர் அமைந்த முன்கதைகள் உண்டு. 1924-இல் தாகூர் பெய்ஜிங்கில் பிறந்தநாள் கொண்டாடியபோது சீன அறிஞர் லியாங் சிச்சாவ் அவருக்கு ஜூ ஜென்டான் என்று பெயர் சூட்டினார். ஜூ என்பது இந்தியாவின் பழைய சீனப் பெயரான தியான்ஜூவிலிருந்து வந்தது. பழங்காலத்தில் சீனா போன இந்தியத் துறவிகளின் குடும்பப் பெயரும் அதுதான். ஜென்டான் சீனாவுக்கே இருந்த பழைய பெயர். இடி, விடியல் என்று பிரித்தால் ரவீந்திரனில் உள்ள இந்திரனும் ரவியும் வந்துவிடுகிறார்கள். 1938-இல் சீனா போன இந்திய மருத்துவக் குழுவின் ஐந்து பேரும் பெயரின் கடைசியில் 'ஹுவா' என்று சீனாவைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் கோட்னிஸ் அங்கே கே திஹுவா. ஜூ என்பதை நீங்களும் எடுக்கலாம். ஷின்ச்சூவின் 'ச்சூ', அதாவது மூங்கில், அதே உச்சரிப்புதான். ஆனால் சுரம், அதாவது சொல்லும்போது குரல் ஏறி இறங்கும் விதம், தவறினால் 'பன்றி' ஆகிவிடும், அதனால் நான் சொல்லமாட்டேன்.

உங்களுக்கு என் மனதில் படுவது 'யூ'. கயல் மீன் இல்லையா? மீனுக்குச் சீனத்தில் யூ. அதே சுரத்தில் யூ என்று ஒரு குடும்பப் பெயரும் உண்டு, எழுத்து வேறு. மிகுதி, நிறைவு என்ற சொல்லும் அதே ஒலி. சீனப் புத்தாண்டுக்கு மீன் சமைப்பதே அதற்காகத்தான். பின்னால் 'காய்யா': வெற்றி, நேர்த்தி. யூ காய்யா. உங்களை வீட்டில் கூப்பிடும் ஒலியும் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. 'காய்', 'யா' இரண்டு எழுத்துமே மூன்றாம் சுரம்; அப்படி இரண்டு சேர்ந்து வந்தால் முதலாவது மாறும், அதனால் சொல்லும்போது 'காய்' மேலே ஏறும். பத்துத் தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இது வெறும் யோசனைதான். நான் என்ன படித்தாலும் சீனத்தில் பிறந்து வளர்ந்தவன் இல்லை. உங்கள் ஆசிரியையிடம் காட்டுங்கள். உங்கள் வயதுப் பெண் ஒருத்தியிடமும் காட்டுங்கள், ஏனென்றால் பெயருக்கும் வயது உண்டு. ஷுஃபென் என்றால் இங்கே எல்லோருக்கும் ஒரு அத்தைதான் நினைவுக்கு வருவார். வசிப்பிட அட்டையில் ஏற்றுவதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஏறிவிட்டால் வங்கி, காப்பீடு என்று எல்லாவற்றிலும் அதே பெயர் போகும், அப்புறம் மாற்ற அலைய வேண்டும். பெயர் முத்திரைக் கட்டை செதுக்கக் கொடுப்பதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். என் ஆசிரியை இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை உங்களைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கயல் என்றால் என்ன, யார் வைத்தது என்றுதான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் தயாராக வைத்திருங்கள்.