யாருடைய பீரியட்? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் நகரத்துப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உடற்கல்வி ஆசிரியராக இருந்தவர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஹாக்கி மட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திராத பிள்ளைகளை மைதானத்துக்கு இழுத்து வந்தவர். ரத்ததான முகாம், கண்மாய் தூர்வாருவது என்று ஊர் வேலை எதற்கும் முதல் ஆளாக நிற்பார். பழைய மாணவர்கள் சேர்ந்து விழா மலர் கொண்டுவருகிறோம். அவர் வாழ்க்கையைப் பற்றிய கட்டுரை என் பொறுப்பு. இரண்டு சந்தேகங்கள். அவரிடம் பயின்ற ஒருவர்கூட இந்திய அணிக்குப் போகவில்லை. இதை மனம் புண்படாமல் எப்படிச் சொல்வது? ‘தன்னை எரித்து ஒளி தந்த மெழுகுவத்தி’ என்று தலைப்பு வைக்கலாமா?

கே.

அன்புள்ள கே.,

மெழுகுவத்தி வேண்டாம். பணி நிறைவு விழா நடக்கும் ஊர்களில் எல்லாம் அது எப்போதோ எரிந்து தீர்ந்துவிட்டது. இந்திய அணி விஷயத்தையும் விட்டுவிடுங்கள். ஓய்வு பெறும் கணக்கு ஆசிரியரிடம் போய், உங்கள் வகுப்பிலிருந்து எத்தனை ராமானுஜன்கள் வந்தார்கள் என்று யாராவது கேட்கிறார்களா?

எனக்கு வேறொன்று தெரிய வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அவருடைய பீரியட்களை யார் யார் எடுத்துக்கொண்டார்கள்?

கொஞ்ச நாட்களாக இதே யோசனையாக இருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது. என் தங்கை மகள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். கால அட்டவணையில் பி.டி. பீரியட் பளிச்சென்று இருக்கிறது. காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவள் மைதானத்தில் கால் வைக்கவில்லை. கேட்டால், ‘சயின்ஸ் மிஸ் எடுத்துக்கொண்டார்கள் மாமா’ என்கிறாள். அவளுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. மழை பெய்தது என்பதைப்போலச் சொல்கிறாள்.

நான் படித்த பள்ளியில் பூப்பந்து விளையாடுவோம். மஞ்சள் கம்பளிப் பந்து, அணிக்கு ஐந்து பேர். மட்டைகளில் பாதிக்கு நரம்பு தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் உடற்கல்வி ஆசிரியர் காலையிலேயே சுண்ணாம்புத் தூளால் ஆடுகளத்துக்குக் கோடு போட்டுவிடுவார். பீரியட் வரும்; நாங்கள் போகமாட்டோம். கணக்கு ஆசிரியர் அவரிடம் கேட்பதுகூட இல்லை. நேராக வகுப்புக்கு வந்து, ‘இன்றைக்கு பி.டி. கிடையாது, நோட்டை எடு’ என்பார். ஜன்னல் வழியே பார்த்தால் அவர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்பது தெரியும். மறுநாள் மறுபடியும் கோடு போடுவார். யாரிடமும் சண்டை போட்டதில்லை. அதற்காக ஊரில் அவருக்கு நல்ல பெயர். எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம்தான். போட்டிருக்க வேண்டும். தலைமையாசிரியர் அறைக் கதவு அதிரும்படி ஒருமுறையாவது போட்டிருக்க வேண்டும்.

இது ஏதோ சில பள்ளிகளின் கெட்ட பழக்கம் என்று நினைக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் படித்துப் பாருங்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்கு ஒரு பயிற்றுநர் வேண்டுமாம். அவரும் பகுதி நேரப் பயிற்றுநர். நம் மாநிலத்தில் 2012-இல் உடற்கல்வி, ஓவியம், தையல் போன்றவற்றுக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய், வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. கோடை விடுமுறை என்று தராமல் விட்ட மே மாதச் சம்பளத்துக்காக அவர்கள் தெருவில் இறங்க வேண்டியிருந்தது. சட்டமே அரை ஆளாக வைத்திருப்பவரிடமிருந்து முக்கால் மணி நேரத்தைப் பறிக்க எந்தக் கணக்கு ஆசிரியர் தயங்குவார்?

பயிற்சி இல்லாதவர்களும் அல்லர் இவர்கள். ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கியது 1920-இல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியை மேலாளராக அழைத்துப் போனவரும் அவரே. அங்கிருந்து தொடங்கிய நூறாண்டு மரபின் வாரிசை நாம் எதற்கு வைத்திருக்கிறோம்? காலை வழிபாட்டில் வரிசையை நேராக்க, தாமதமாக வருபவனைக் கேட்டில் நிறுத்த, முடி வெட்டாதவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்ப.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதில் பஸ் சக்கரம் ஏறி வலது கால் சிதைந்தது. அந்தப் பையனை உயரம் தாண்டு என்று தூண்டியவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். பதக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு பையன் தாண்டுவதைப் பார்க்க ஆசிரியருக்கு அவன் மைதானத்தில் இருக்க வேண்டும். அன்றைக்கு ‘நோட்டை எடு’ என்றிருந்தால் பார்க்க என்ன இருந்திருக்கும்?

கண்மாய், ரத்ததானம் எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி போதும். அதற்கெல்லாம் ஊர் அவரை மாலை போட்டுக் கூப்பிட்டிருக்கும். அவருடைய சொந்த வேலையைச் செய்ய மட்டும்தான் விட்டிருக்காது. அவர் சண்டை போட்டாரா என்று கேளுங்கள். போட்டிருந்தால் கட்டுரையை அங்கே தொடங்குங்கள். குறுவட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போன செலவு யாருடையது? பெண் பிள்ளைகளை வெளியூர் அனுப்பமாட்டேன் என்ற அப்பாக்களிடம் என்ன சொன்னார்? விடிவதற்கு முன் புளிசாதம் கட்டிக் கொடுத்தது யார்? அவர் மனைவியிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். மெழுகுவத்தித் தியாகம் என்று நீங்கள் சொல்வதில் பாதி அந்த அம்மாவின் கணக்கில் இருக்கலாம். இதை எல்லாம் கேட்காமல் ‘பெருந்தகை’, ‘அருங்குணச் செம்மல்’ என்று எழுதினீர்களானால் அந்த மலரை எனக்கு அனுப்பவே வேண்டாம்.

தலைமையாசிரியரின் வாழ்த்துரையைத் தவிர்க்க முடியாது என்று தெரியும். கடைசிப் பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குப் பின்னால் போடுங்கள்.