கல்கிக்குப் பிறகு எதை வாசிப்பது?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். கல்லிடைக்குறிச்சியில் நாங்கள் எட்டுப் பேர் மாதம் ஒருமுறை கூடி நாவல் வாசிக்கிறோம். நான் பள்ளி ஆசிரியை. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும் இரண்டு கல்லூரி மாணவிகளும் எங்களில் உண்டு. பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் முடித்தாயிற்று. அதே வேகத்தில் யவன ராணியை எடுத்தோம், பாதிப் பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். காவல் கோட்டம் 100 பக்கம் தாண்டவில்லை. அடுத்து எதை, எந்த வரிசையில் வாசிக்கலாம்? முழுதாக வாசித்தது சோழ நாடாகவே இருக்கிறது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்தைச் சொல்லும் சரித்திர நாவல் இருக்கிறதா? “ராஜா இல்லாவிட்டால் அது என்ன சரித்திர நாவல்” என்கிறார் எங்கள் பெரியவர். மாணவிகள் கேட்பது வேறு: எது நடந்தது, எது கற்பனை என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

அன்புடன்,
ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள டீச்சர்,

யவன ராணியில் பாதிப் பேர் நின்றதற்குக் காரணம் நாவலிலும் இல்லை, அவர்களிடமும் இல்லை. வாசித்த வேகம்தான். கல்கியும் சாண்டில்யனும் வாரப் பத்திரிகைக்காக எழுதியவர்கள். ஒரு அத்தியாயம் வாசித்தவர் அடுத்ததற்கு ஏழு நாள் காத்திருப்பார் என்ற கணக்கில் ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு முடிச்சு விழும், அடுத்ததன் தொடக்கத்தில் பழையது கொஞ்சம் திரும்பச் சொல்லப்படும். பொன்னியின் செல்வனில் இப்படி ஏறக்குறைய 300 அத்தியாயங்கள். கல்கியின் உரையாடல் நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுவதால் அது உறைப்பதில்லை. சாண்டில்யனிடம் வருணனை அதிகம். ஒரே மூச்சில் 80 பக்கம் வாசித்தால் ஒரே மாளிகையும் ஒரே நிலவும் திரும்பத் திரும்ப வருவதாகத் தோன்றி அலுத்துவிடும். நாளுக்கு மூன்று, நான்கு அத்தியாயம், அதற்கு மேல் வேண்டாம். அவருடைய பலம் கடற்போரும் போர்த் தந்திரமும். அதற்குக் கடல் புறா நல்லது. கலிங்கத்தின் பாலூர்த் துறைமுகத்தில் தொடங்கி ஸ்ரீவிஜயத்துக் கடல் வரை போகும். மூன்று பாகம் என்பதால் இப்போது வேண்டாம், வருசக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரிசை. பொன்னியின் செல்வனை முடித்தவர்கள் நேரே அகிலனின் வேங்கையின் மைந்தனுக்குப் போவதுதான் வழக்கம். நீங்கள் நடுவில் ஒரு நாவல் சேர்த்துக்கொள்ளுங்கள்: நா. பார்த்தசாரதியின் பாண்டிமாதேவி. உங்கள் இரண்டாவது கேள்விக்கும் அதிலேயே பதில் தொடங்கிவிடுகிறது. காலம் பத்தாம் நூற்றாண்டு. சோழன் முதலாம் பராந்தகன் மதுரையைப் பிடித்தபின் பாண்டியர் தெற்கே ஒதுங்கியிருக்கிறார்கள். இளவரசன் ராசசிம்மன், அவன் தாய் வானவன்மாதேவி, இடையாற்றுமங்கலம் நம்பி என்ற மகாமண்டலேசுவரர் மூவரையும் சுற்றிக் கதை குமரிமுனைப் பக்கமும் தென்பாண்டி நாட்டிலும் நடக்கிறது. அதில் வரும் கரவந்தபுரம் வேறெங்கும் இல்லை, நம் மாவட்டத்து உக்கிரன்கோட்டைதான். பாண்டிய மன்னர்களுக்கு அமைச்சர்களைக் கொடுத்த ஊர். ஆனைமலை நரசிங்கர் குடைவரையை எடுப்பித்த மாறன்காரி அந்த ஊர்க்காரர்.

பாண்டிமாதேவியில் ராசசிம்மன் குலத்து முடியோடு ஈழத்துக்குப் போகிறான். வரலாற்றிலும் பாண்டியன் தன் முடியை ஈழத்து அரசனிடம் அடைக்கலமாக வைத்தான். பராந்தகன் கேட்டும் அது கிடைக்கவில்லை. பொன்னியின் செல்வனில் அந்த முடியைப் பற்றிப் பேச்சு வருமே, நினைவிருக்கும். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்து ராசேந்திர சோழன் ஈழத்தை வென்று அதை எடுத்துவருகிறான். அவன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழுரை, “தென்னவர் வைத்த சுந்தர முடியும் இந்திரன் ஆரமும்” என்று அதைத்தான் சொல்கிறது. அகிலனின் வேங்கையின் மைந்தன் தொடங்குவதும் அந்த முடியை மீட்கும் படையெடுப்பில்தான். 1963-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. இரண்டையும் அடுத்தடுத்து வாசித்தால் ஒரே முடியைப் பறிகொடுத்தவர் பக்கமிருந்தும் மீட்டவர் பக்கமிருந்தும் பார்க்கலாம். சோழர் கதையை மட்டும் வாசிக்கிறவர்களுக்குப் பாண்டியன் எப்போதும் ஒளிந்து திரியும் எதிரி. திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு அந்தப் பார்வையோடு நின்றுவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

வேங்கையின் மைந்தன் முடிந்த மாதத்துக் கூட்டத்தை மன்னார்கோயிலில் வையுங்கள். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள ராஜகோபாலசுவாமி கோயிலின் பழைய பெயர் ராசேந்திர சோழ விண்ணகரம். எடுப்பித்தவன் ராசசிம்மன் என்ற சேர மன்னன். ராசேந்திரன் தன் மகனுக்குச் சோழ பாண்டியன் என்று பட்டம் கட்டி இந்த நாட்டை ஆளவிட்ட காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. பாண்டிமாதேவியின் ராசசிம்மன் பாண்டியன், இவன் சேரன். பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்பிவிடக் கூடாது, மாணவிகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பாண்டியர் பக்கத்தில் இன்னும் ஒன்று அவசியம்: அரு. ராமநாதனின் வீரபாண்டியன் மனைவி. மூன்றாம் குலோத்துங்கன் காலம். இதில் ஜனநாதன் என்று ஒருவன் வருவான். அரசியல் சூழ்ச்சிக்காரனை இந்த அளவுக்கு அறிவோடும் பேச்சோடும் படைத்த சரித்திர நாவல் தமிழில் அபூர்வம். கல்கிக்கு அடுத்து யார் என்று கேட்டால் நான் இந்த ஒரு நாவலுக்காகவே இவர் பெயரைச் சொல்வேன். சண்டைக் காட்சியை எதிர்பார்த்து எடுத்தால் ஏமாற்றமாக இருக்கும், பேச்சுதான் இதில் போர்.

விசயநகரக் காலத்துக்கு அகிலனின் வெற்றித் திருநகர் போதும். அதை வாசிக்கும்போது திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் சுவரோவியங்களையும் மரச்சிற்பங்களையும் பார்த்துவிடுங்கள். தாமிரபரணிக் கரையில் விசயநகரப் படை திருவிதாங்கூரோடு மோதிய போரை அங்குள்ள ஓவியங்களில் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன். ராஜா இல்லாமல் சரித்திர நாவல் உண்டா? உண்டு ஐயா. சொல்லப்போனால் நம் சீமையைப் பற்றிய மிகச் சிறந்த சரித்திர நாவல்களில் ராஜா ஓரத்தில்தான் நிற்கிறார். வெட்டுண்ட காடு, தோண்டிய கண்மாய், கடலில் போன தோணி, தெருவில் மூண்ட கலவரம் இவையும் சரித்திரம்தான். ஒரு ஊர் எப்படி உண்டாயிற்று, யார் யாரை எந்தத் தெருவில் நடக்கவிடவில்லை என்பது செப்பேட்டில் இருக்காது. அதை எழுத ஒரு நாவலாசிரியன்தான் வரவேண்டியிருக்கிறது.

முதலில் கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம். 1976-இல் வந்தது, சிறிய புத்தகம், ஒரு மாதத்துக்குத் தாராளம். ஆந்திரத்திலிருந்து தப்பி வந்த ஒரு கூட்டம் கரிசலில் காட்டை அழித்து ஊர் உண்டாக்குவதிலிருந்து வெள்ளைக்காரன் ஆட்சி வருவது வரை. காட்டுக்குத் தீ வைத்து நிலமாக்கும் பகுதியைக் கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். இது பேச்சுவழக்கில் சொல்லப்படுகிற கதை, காதால் கேட்கும்போதுதான் அதன் நடை முழுதாகப் பிடிபடும். அதன் தொடர்ச்சியான கோபல்லபுரத்து மக்கள் 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அது சுதந்திரப் போராட்ட காலம் வரை வருகிறது.

அதன்பின் பூமணியின் அஞ்ஞாடி. 1000 பக்கத்தைத் தாண்டிய நாவல். ஆண்டி, மாரி என்ற இரண்டு சிநேகிதர்களில் தொடங்கி, தலைமுறைகள் வழியாக 1895 கழுகுமலைக் கலவரத்துக்கும் 1899 சிவகாசிக் கொள்ளைக்கும் வருகிறது. இதை எடுத்தவர்கள் நிற்கும் இடம் பெரும்பாலும் முதல் 150 பக்கம். ஒரே கதையாகப் போகும் என்று எதிர்பார்த்தால் திணறும். பல குடும்பக் கதைகள் தனித்தனியாக நடந்து பிறகு வந்து சேரும். ஒரு சார்ட் அட்டையில் குடும்பங்களை எழுதி, புதிய ஆள் வரும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே போங்கள். மாதம் 250 பக்கம் என்று வைத்தால் நான்கைந்து கூட்டத்தில் முடியும். எட்டுப் பேரும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வாசித்துச் சுருக்கம் சொல்லிக்கொள்ளும் வழக்கம் சில குழுக்களில் இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். கடைசியில் ஒருவர்கூட நாவலை வாசித்திருக்கமாட்டார். கலவரப் பகுதிக்கு வரும்போது இன்னொரு கவனம் வேண்டும். அதில் வரும் சாதிகளின் பெயர்கள் இன்றும் நம்மைச் சுற்றி இருக்கும் பெயர்கள். முதலில் பக்கத்தை வாசித்து முடியுங்கள், பிறகு அவரவர் வீட்டில் கேட்ட கதைக்கு வாருங்கள். மாற்றிச் செய்தால் நாவல் கீழே விழுந்து சண்டை மட்டும் மிஞ்சும்.

கடல் பக்கத்துக்கு ஜோ டி குரூஸ். அவரது கொற்கை 2013-இல் அதே சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பெயரைப் பார்த்துச் சங்ககாலப் பாண்டியர் துறைமுகம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. அது 1914 முதல் 2000 வரையிலான தூத்துக்குடியின் கதை: பரதவர், தோணி வியாபாரம், துறைமுகம். இதுவும் 1000 பக்கத்துக்கு மேல். நேரடியாக இதில் இறங்காமல் அவரது ஆழி சூழ் உலகை முதலில் வாசியுங்கள். ஆமந்துறை என்ற ஒரே கடற்கரை ஊரில் நடப்பதால் மனிதர்கள் மனதில் நிற்பார்கள். கட்டுமரக்காரரின் சொற்களும் காற்று, நீரோட்டத்தின் பெயர்களும் அங்கேயே பழகிவிடும். ஆற்றங்கரைக்காரர்களுக்குக் கடல்சொல் புதிது, அதனால்தான் இந்த வரிசை.

பாளையங்கோட்டைக்கென்று ஒரு நாவல் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை: அ. மாதவையாவின் கிளாரிந்தா. பெருங்குளத்துக்காரரான அவர் 1915-இல் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழில் சரோஜினி பாக்கியமுத்து மொழிபெயர்த்திருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சையிலிருந்து வந்த, கணவனை இழந்த ஒரு பிராமணப் பெண் பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயரிடம் 1778-இல் ஞானஸ்நானம் பெற்று, பாளையங்கோட்டையில் தேவாலயம் கட்டியது உண்மை. அதற்கு முந்திய அவள் வாழ்க்கையில் பெரும்பகுதி மாதவையாவின் கற்பனை. உண்மைக்கு வெளியே நாவலாசிரியன் எவ்வளவு தூரம் போகலாம் என்று பேசுவதற்கு இதைவிட வசதியான புத்தகம் கிடையாது. அந்த ஆலயத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். இதே நூற்றாண்டின் பாளையக்காரர் போர்களுக்கு நாவலைவிடக் கதைப்பாடல்தான் நல்லது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை பதிப்பித்த கட்டபொம்மன் கதைப்பாடல் கிடைத்தால் வாசியுங்கள்.

காவல் கோட்டம் இவ்வளவும் முடிந்த பிறகு. சு. வெங்கடேசனின் அந்த நாவல் 600 வருச மதுரையைச் சொல்வது. விசுவநாத நாயக்கர், திருமலை நாயக்கர், மங்கம்மாள் என்ற வரிசை தலையில் இல்லாமல் நுழைந்தால் முதல் பகுதி ஓடாது. அரைப் பக்கத்தில் நாயக்க மன்னர் பட்டியலை எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தாதனூர் என்ற ஊர்க்காரர்களின் களவும் காவலும் தொடங்கும் இடத்துக்கு வந்துவிட்டால் பிறகு கையைவிட்டு இறங்காது.

மாணவிகளுக்கு. நாவல் ஒன்றுக்கு ஒரு நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். முக்கியமான பத்துப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கல்வெட்டு, செப்பேடு, கற்பனை என்று குறியுங்கள். பொன்னியின் செல்வனை வைத்தே தொடங்கலாம். வந்தியத்தேவன் தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராகப் பெயரளவில் வருகிறார், அவரது பயணமும் சாகசமும் கல்கி கொடுத்தது. அநிருத்தர் அன்பில் செப்பேட்டில் இருக்கிறார். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களாக ரவிதாசன், சோமன், பரமேசுவரன் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான், சேந்தன் அமுதன் கற்பனை. உத்தம சோழர் உண்மை, ஆள் மாறாட்டம் கல்கியுடையது. இப்படி நான்கு நாவலுக்குச் செய்தால் ஒரு விஷயம் தெரியவரும்: போரும் பட்டமும் கல்லில் இருக்கும், காரணம் இருக்காது. நாவல் நுழைவது அந்த இடைவெளியில்தான். சரிபார்க்க நீலகண்ட சாஸ்திரியின் பாண்டியர், சோழர் வரலாறுகளும் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் வரலாறும் போதும். சாஸ்திரி உங்கள் கல்லிடைக்குறிச்சியில் பிறந்தவர் என்பதை மாணவிகளிடம் கட்டாயம் சொல்லுங்கள். வாட்ஸாப்பில் வரும் ‘மறைக்கப்பட்ட வரலாறு’ எதையும் நோட்டில் ஏற்றவேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க இரண்டு. கல்கியின் எழுத்து நாட்டுடைமையானதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன, சுருக்கப் பதிப்பும் அதில் கலந்து வரும். பொருளடக்கத்தை எண்ணிப் பாருங்கள், கல்கியின் முடிவுரை கடைசியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மலிவுப் பதிப்பில் எழுத்து பொடியாக இருக்கும், பெரியவருக்கு ஆகாது. பாண்டிமாதேவி மூன்று பாகம், மதுரைத் திட்டம் இணையதளத்தில் முழுதாகக் கிடைக்கிறது. அதை டேப்லெட்டில் எழுத்தைப் பெரிதாக்கி அவருக்குக் கொடுக்கலாம். 1000 பக்க நாவல்களுக்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் முதலில் கேளுங்கள். எட்டுப் பிரதி வாங்கவேண்டியதில்லை. மூன்று பிரதி இருந்து, ஆளுக்குப் பத்து நாள் என்று முறை வைத்தால் ஒரு மாதத்தில் எல்லோர் கைக்கும் போய்விடும்.

அஞ்ஞாடியின் முதல் கூட்டம் முடிந்ததும் எந்தப் பக்கத்தில் யார் நின்றார்கள் என்று எழுதுங்கள். அந்த இடத்தை வைத்து அடுத்த பகுதிக்கு வழி சொல்கிறேன்.

அன்புடன்