வெயிலுக்கு நிழல் தரும் துணைச்செடிகள்: கேள்வி பதில்

கே: தக்காளி நன்றாகப் பூக்கிறது. வெயில் ஏறியதும் பூவெல்லாம் கொட்டிவிடுகிறது. பக்கத்தில் மக்காச்சோளம் வைத்தால் தாங்குமா?

தாங்கும். ஆனால் எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெடும், பிஞ்சு பிடிக்காது. இரவும் சூடாக இருந்தால் இன்னும் மோசம். காலை வெயிலை மட்டும் மறைத்துவிடாதீர்கள். இலையில் தங்கிய பனியை உலர்த்தி பூஞ்சை வராமல் காப்பது அதுதான். வாட்டி எடுப்பது பிற்பகல் வெயில். ஆகவே துணைச்செடி மேற்குப் பக்கம், ஒரே வரிசை. தக்காளி நாற்று நடுவதற்கு ஒரு மாதம் முன்பே அதை விதைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நிழல் விழுவதற்குள் பூ போய்விடும்.

மக்காச்சோளத்தில் ஒரு தொல்லை உண்டு. அதன் கதிரைக் குடையும் புழு தக்காளிக் காயையும் குடையும். நானாக இருந்தால் அகத்தி வைப்பேன். மளமளவென்று உயரும், சிற்றிலைகளின் வழியே வெயில் சலித்து இறங்கும், வேர் முடிச்சுகள் தழைச்சத்தையும் சேர்க்கும்.

கே: அப்படித்தான் மேற்கே வைத்திருக்கிறேன். மதியம் 12 மணிக்கு நிழலே இல்லையே?

சூரியன் உச்சியில் நிற்கும்போது நெட்டைச் செடியின் நிழல் அதன் காலடியிலேயே விழும். மதியத்துக்கும் நிழல் வேண்டுமென்றால் பந்தல்தான். பாகல், பீர்க்கு, புடல் எதையாவது ஏற்றிவிட்டு, கீழே கீரை, புதினா, கொத்தமல்லி போடுங்கள். வெயிலில் சீக்கிரம் பூத்துவிடும் கொத்தமல்லி, பந்தலடியில் கொஞ்ச நாள் கூடுதலாக இலை தரும். இஞ்சியும் மஞ்சளும்கூட அங்கே சுகமாக வளரும். கத்தரி, மிளகாயை மட்டும் முழுப் பந்தலுக்கு அடியில் தள்ளாதீர்கள். காய்க்கிற செடிக்கு ஒரு நாளில் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

கே: வெண்டைக்கும் நிழல் தேவையா?

தேவையில்லை. அது வெயில் விரும்பி.

கே: சூரியகாந்தி வைக்கலாமா?

வைக்கலாம், நெருக்கி வேண்டாம். அதன் வேரும் உதிரும் இலையும் அக்கம்பக்கத்து விதைகளின் முளைப்பைத் தடுக்கும். அதன் சருகை விதைப் பாத்தியில் மூடாக்காகப் போடவும் கூடாது.

கே: முருங்கை நிழலில் மிளகாய் வைத்தேன். முன்னைவிட அதிகமாக வாடுகிறது!

எப்போது வாடுகிறது என்று பாருங்கள். மதியம் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் பயமில்லை. காலையிலேயே தொங்கினால், மண்ணை விரல் ஆழம் தோண்டிப் பாருங்கள். காய்ந்திருந்தால் முருங்கை வேர் முந்திக்கொண்டு குடிக்கிறது என்று அர்த்தம். நிழல் தரும் மரமும் தண்ணீர் கேட்கும் அல்லவா? இருவருக்கும் சேர்த்து ஊற்றுங்கள். மண் ஈரமாக இருந்தும் வாடினால் வேரில் ஏதோ நோய், மேலும் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து.

அப்புறம், மேகமூட்டமான மாதங்கள் வந்ததும் முருங்கையைத் தாராளமாக வெட்டிவிடுங்கள், மறுபடி தழைக்கும். அகத்தி அப்படியல்ல. ஒட்ட மொட்டையடித்தால் பட்டுப்போகலாம், கிளைகளை மட்டும் கழியுங்கள். கழித்த தழையை அதே பாத்தியில் பரப்பினால் மண் ஈரம் காக்கும்.